ஜிம்வி வண்டியின் இரண்டாவது ஆம்ப்

நஞ்சலாவைப் பற்றிப் பேசினால் எங்கள் பஸ் ஸ்டேஜில் எல்லோரும் முதலில் சொல்வது அவளுடைய வாயைப் பற்றித்தான். கயோலேயிலிருந்து டவுனுக்குப் போகும் மட்டாட்டு பஸ்கள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில் ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் காது கூசும்படி பேசுவார்கள். அவர்களே அவள் திட்ட ஆரம்பித்தால் ஒதுங்கி நிற்பார்கள். அவளுக்கு அந்த வாய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய தகரக் கொட்டகைக்கும் என் சாப்பாட்டுக் கடை அடுப்புக்கும் நடுவே ஒரு சாக்கடை மட்டும்தான் ஓடுகிறது. என் மூத்த மகள் பெயர் கெரூபோ. அதனால் எனக்குக் கெரூபோ அம்மா என்று பெயர்.

நஞ்சலா புங்கோமா பக்கத்துக்காரி. நைரோபிக்கு வீட்டு வேலைக்கு வந்தவள். அந்த வீட்டு முதலாளி அவள்மேல் கை வைக்கப் பார்த்ததால் அங்கிருந்து ஓடி வந்து, முரேதியின் பட்டறையில் பெருக்கவும் டீ போடவும் சேர்ந்தாள். முரேதி வண்டிகளுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறவன். எங்கள் வழித்தடத்தில் ஓடிய வண்டிகளில் பாதி அவன் கைபட்டவை என்று பேர். ராத்திரி குடித்தால் காலையில் அவனுக்குக் கை நடுங்கும், ஈயப்பற்று வைக்க முடியாது. பெருக்க வந்தவளைக் கூப்பிட்டு, ‘இந்த ஒயரைப் பிடி’ என்றான். பிறகு ‘நீயே பத்த வை’ என்றான். அப்புறம் வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து ஒயர் இழுப்பாள், எர்த் கொடுக்க இரும்பைச் சுரண்டுவாள், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பை வைத்து ஸ்பீக்கரைப் பேச வைப்பாள். வண்டிக்காரன் வந்ததும் முரேதி கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்து நிற்பான்.

ஒருநாள் ஒரு வண்டிக்காரன் முரேதியின் தோளில் தட்டி, “உன் கைக்குத் தங்கத்தில் மோதிரம் போடணும்யா” என்றான். நஞ்சலா அப்போது வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். வெளியே வந்தாள்.

“இதை நான்தான் பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

முரேதி சிரித்தான். “பொம்பளை போட்ட ஒயர்னு சொன்னா எவன்டி வண்டியை விடுவான்? போய் டீயைப் போடு.”

அவள் டீ போடவில்லை. அன்றைக்கே வெளியேறி, சாலைக்கு இந்தப் பக்கம் என் கடையை ஒட்டித் தகரம் அடித்தாள். கதவில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள். அடியில் ‘பொம்பளை போட்ட ஒயர்’ என்றும் எழுதினாள். போகிறவன் வருகிறவனெல்லாம் படித்துச் சிரித்தான். சிரித்தவர்களில் ஒருவர் கதோகோ.

கதோகோ பஸ் முதலாளி. பல்குத்தும் குச்சி எப்போதும் வாயோரத்தில் இருக்கும். புதிதாக ஒரு வண்டி வாங்கி, பக்கவாட்டில் கோரைப்பல் வைத்த பூதத்தை வரைந்து, ஜிம்வி என்று பெயர் வைத்திருந்தார். முரேதி பட்டறையில் கூட்டமாக இருந்ததால் வேறு வழியில்லாமல் இவளிடம் விட்டார். அவள் ஜிம்விக்கு மாட்டிய பாட்டைக் கேட்டவர்கள் இன்னும் சொல்வார்கள். தாளத்தின் இடி விலா எலும்பில் விழும். ஆனாலும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் காதில் தனியாக விழும். கல்லூரிப் பிள்ளைகள் காலியாக நிற்கும் வண்டிகளை விட்டுவிட்டு ஜிம்வி வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஜிம்வியின் வாசல் கண்ணாடியில் நஞ்சலா தன் பெயரை எழுதி ஒட்டினாள். கதோகோவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு அதே வழித்தடத்தில் வேறொருவரின் வண்டி வந்தது. அது என் கடையைத் தாண்டும்போது அதன் பாட்டுச் சத்தத்தில் அலமாரித் தட்டுகள் ஆடும். பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கதோகோ ஒரு புது ஆம்ப்பையும் சவப்பெட்டி போல இரண்டு பேஸ் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நஞ்சலாவிடம் வந்தார்.

“இதையும் சேர்த்து மாட்டு. சாயங்காலம் வண்டி ஓடணும்.”

“கரண்டை எங்கிருந்து எடுக்கச் சொல்றீங்க முதலாளி?”

“ஏற்கெனவே விரல் தண்டிக்கு ஒரு ஒயர் போட்டிருக்கியே, அதுலதான்.”

“அது ஒரு ஆம்ப்புக்குப் போட்ட ஒயர். ரெண்டு கழுதை சுமையை ஒத்தைக் கழுதை மேல ஏத்தினா, கழுதையாவது படுத்துக்கும். ஒயரு படுக்காது. எரியும். இதுக்குப் பேட்டரியிலேருந்து தனி ஒயர் இழுக்கணும், தனி ஃபியூஸ் வைக்கணும். டைனமோவும் பத்தாது, பெருசா மாத்தணும். மூணு நாள் வண்டி இங்க நிக்கட்டும்.”

“மூணு நாளா? நின்ன வண்டிக்கு எவன் தீனி போடுவான், உங்கப்பனா?”

“எங்கப்பனை விடுங்க. கொள்ளிக்கட்டையால தலையைச் சொறியாதீங்கன்னு சொல்றேன்.”

“ஒயர் போடறவளுக்கு இவ்வளவு வாயா?” என்று குச்சியைத் துப்பிவிட்டுக் கதோகோ வண்டியைத் திருப்பச் சொன்னார். வண்டி நேராக எதிர்ப்பக்கம் முரேதியின் பட்டறையில் போய் நின்றது.

நான் சப்பாத்தி போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிம்வியின் ஓட்டுநர் ஒடுவோர் வேலை முடியும்வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நல்ல மனிதன். வண்டியைத் தவிர வேறு எதையும் காதலிக்காதவன். நடுவில் இரண்டு மூன்று தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியாக வந்தபோது, “முதல்ல ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. இப்ப முரேதி சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை அதுல சுத்திட்டான். இனிமே போகாதாம்” என்றான்.

பக்கத்தில் உகாலிக் களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நஞ்சலா தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தாள். அவள் கத்தியது இந்தப் பக்கம்வரை கேட்டது.

“ஃபியூஸ் போகுதுன்னா அது உன்கிட்ட ஏதோ சொல்லுதுடா! அது வாயைக் கட்டினா அடுத்து நெருப்புதான் பேசும். உள்ளே ஆளுங்க உக்காரப் போறாங்கடா, பாவி!”

முரேதியின் ஆட்கள் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து சாலையில் விட்டார்கள். அவள் ஒடுவோரிடம் திரும்பினாள். “நீ இந்த வண்டியை எடுக்காதே.”

“எடுக்கலைன்னா நாளைக்கு வேறொருத்தன் எடுப்பான் நஞ்சலா. அப்புறம் நான் யாரு?”

அவன் எடுத்தான். ஜிம்வி தரை அதிரப் போனது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலை, வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பிய ஜிம்வி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. வெளியில் எங்கோ டயர் எரிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னல்களை மூடினார்களாம். பிறகு தரை விரிப்பு புகைந்தது, கடைசி இருக்கையின் பஞ்சில் தீ ஏறியது. ஒடுவோர் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து எல்லோரையும் இறக்கினான். பின்வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழ முடியாமல் சிக்கியிருந்தாள். அவளுக்காக அவன் மறுபடி உள்ளே போனான். அவளை இழுத்து வரும்போது உருகிக்கொண்டிருந்த இருக்கையில் வலது கையை ஊன்றிவிட்டான். அந்தப் பெண் பிழைத்தாள். அவன் கை பிழைக்கவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மதியத்துக்குள் முரேதி ஸ்டேஜுக்கு வந்து நின்றான். நான் இருபதடி தள்ளி நின்று கேட்டேன்.

“ஜிம்விக்கு ஒயர் போட்டது யாரு? கண்ணாடியிலேயே பேர் எழுதி ஒட்டியிருந்தாளே! பொம்பளை போட்ட ஒயர், பார்த்தீங்கள்ல?”

கதோகோ பக்கத்தில் நின்றார். மறுக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது போதும். பத்துப் பதினைந்து பேர் அவள் கொட்டகைக்குள் புகுந்தார்கள். ஸ்பீக்கர்களைச் சாக்கடையில் எறிந்தார்கள், தகரத்தைப் பிரித்தார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். நஞ்சலா ஒருவனின் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். நான் கரண்டியோடு நடுவில் போய், “இரண்டாவது ஆம்ப்பை முரேதிதான் போட்டான், என் கண்ணால பார்த்தேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“பீன்ஸ் வேக வைக்கிறவளுக்கு ஒயரைப் பத்தி என்னடி தெரியும்?” என்றான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் பிழைப்பை உடைத்துக்கொண்டிருக்கும்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

போலீஸ் வந்தது. உடைத்தவர்களை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனது. நான் பின்னாலேயே போய் ஸ்டேஷனில் அதையே சொன்னேன். மேசையில் இருந்தவர் கொட்டாவி விட்டார். “ஓட்டுநர் சொல்லட்டும்மா. வண்டியில இருந்தவன் அவன்தானே” என்றார்.

ஓட்டுநரை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டார்கள். ஒடுவோர் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டான்.

யாரும் சாகவில்லை என்பதால் அவளைச் சில நாளில் விட்டார்கள். கூப்பிடும்போது வரவேண்டும் என்றார்கள். அவள் வெளியே வந்ததும் குளிக்கக்கூட இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். கேழ்வரகுக் கஞ்சி ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஒடுவோர் கையில் பெரிய கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“இந்தப் பக்கம் திரும்பு” என்றாள்.

திரும்பினான்.

“வெள்ளித்தாளைப் பத்தி எங்கிட்ட சொன்னது யாரு? நீதானே? போலீஸ்காரன் கேட்டப்ப உன் நாக்கு எங்க போச்சு?”

“கதோகோதான் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கறாரு, நஞ்சலா.” மெதுவாகத்தான் பேசினான். “இன்னும் ரெண்டு தடவை அறுக்கணுமாம். நான் வாயைத் திறந்தா அவரு காசு கட்டறதை நிறுத்திருவாரு. அப்புறம் என்னை இந்தக் கட்டில்லேருந்து தூக்கி வெளியே போட்டுருவாங்க. எனக்கு வேற யாரு இருக்கா, நீயே சொல்லு.”

அவள் கட்டிலை நெருங்கினாள். அறைந்துவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் அவள் பார்வை கட்டுப் போட்ட அந்தக் கையிலேயே நின்றது. வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரைக் காலால் உதைத்தாள். மறுபடியும் உதைத்தாள்.

“அவன் சொல்றது நியாயமா இருக்கே அக்கா! நியாயமா இல்லாம இருந்தா நான் நிம்மதியா அவன் கழுத்தை நெரிச்சிருப்பேன். இப்ப நான் யாரைப் போய் நெரிக்கிறது?”

அதன்பின் ஒரு வண்டியும் அவளிடம் வரவில்லை. என் கடை ஓரத்தில் பலகை போட்டு இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, போன் என்று கிடைத்ததைப் பழுது பார்த்தாள். பேச்சு குறைந்தது. இரும்பைத் தேய்க்கும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரியும். எதிரே முரேதியின் பட்டறை இரண்டு மடங்காக வளர்ந்தது. ஒடுவோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ஸ்டேஜில் பயணிகளைக் கூவிக் கூப்பிடும் வேலைக்கு நின்றான். ஓட்ட முடியாதல்லவா. ஓய்ந்த நேரத்தில் என் பெஞ்சில் வந்து உட்காருவான். அவன் உட்கார்ந்தால் அவள் அவனுக்கு முதுகைக் காட்டிப் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொள்வாள்.

கதோகோ புது வண்டி வாங்கினார். அதற்கும் ஜிம்வி என்றே பெயர். அதே பூதம், இந்தத் தடவை நாக்கையும் தொங்கப்போட்டிருந்தது. உள்ளே ஆரம்பத்திலேயே இரண்டு ஆம்ப். போட்டது முரேதி.

அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஜிம்வி ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது. நஞ்சலா தலையைத் தூக்கி அதையே பார்த்தாள்.

“அக்கா, உள்ளே எரியற விளக்கைப் பாரு. ஒவ்வொரு இடிக்கும் மங்கி மங்கி எரியுது. கரண்ட் பத்தாம மூச்சு வாங்குது. அந்த ஒயர் இப்பவே சுட்டுக்கிட்டு இருக்கும்.”

“சும்மா இரு. போன தடவை போலீஸ் வந்தது போதாதா?” என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் தூங்கும் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நஞ்சலா அவளைப் பார்த்தாள். திருப்புளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. கண்டக்டரைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“ஏய், என்ன பண்றே? இறங்கு!”

“இறங்கறேன். எல்லாரையும் கூட்டிட்டுதான் இறங்குவேன்.”

பாட்டு சட்டென்று நின்றது. ஸ்டேஜ் முழுக்க அந்த அமைதி விழுந்தது. அவள் படியில் நின்று கையை உயர்த்தினாள். விரலிடுக்கில் சின்னதாக ஒன்று வெயிலில் மின்னியது.

“எல்லாரும் பாருங்க! கரண்ட் அதிகமானா அறுந்து உங்க உயிரைக் காப்பாத்த வேண்டிய ஃபியூஸ் இது. அறுந்து ரொம்ப நாளாச்சு. மேல சிகரெட் தாளைச் சுத்தி வச்சிருக்கான். ஒயரைத் தொட்டுப் பாருங்க, சப்பாத்திக் கல்லு மாதிரி சுடுது. இதுமேலதான் காலை வச்சு உக்காந்திருக்கீங்க. அந்தக் குழந்தையும் இதுமேலதான் தூங்குது!”

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் குனிந்து தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கூடையும் குடையுமாக எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள். கதோகோ எங்கிருந்தோ ஓடி வந்து அவளைப் படியிலிருந்து இழுத்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வாயோரம் ரத்தம் வந்தது. அவர் மறுபடி கை ஓங்கியபோது, தக்காளிக் கூடையோடு இறங்கிய ஒரு சந்தைக்காரப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

“இன்னொரு தடவை கை வை, பார்க்கலாம். எங்களை உயிரோட கொளுத்தப் பார்த்துட்டு, சொன்னவளை அடிப்பியா நீ?”

“பொய்! இவதான் போன வண்டியையும் எரிச்சா. இவளே அந்தத் தாளைக் கையில கொண்டு வந்திருப்பா!” என்று கதோகோ கத்தினார். எதிரே பட்டறை வாசலில் முரேதி, “அப்படிக் கேளுங்க முதலாளி!” என்றான்.

அப்போதுதான் என் பெஞ்சிலிருந்து ஒடுவோர் எழுந்தான். கூவிக் கூவிப் பழகிய குரல் அது, ஸ்டேஜ் முழுக்கக் கேட்டது.

“எரிஞ்ச வண்டியை ஓட்டினவன் நான். அதுலயும் இதே தாள்தான் இருந்துச்சு. முரேதி சுத்தினதை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். நஞ்சலா எடுக்காதேன்னு சொன்னா. நான்தான் எடுத்தேன்.”

விரல் ஒட்டிய கையை அவன் மறைக்கவில்லை. யாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தேன். ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு? என் கொட்டகை சாக்கடையில மிதந்தப்ப வரலையா?”

அவன் திரும்பிப் போய் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தான்.

அன்று ஸ்டேஜில் வேறு வேலை நடக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பயணிகளே மூடியைத் திறக்கச் சொன்னார்கள். திறக்க மாட்டேன் என்ற வண்டி காலியாக நின்றது. முரேதி மாட்டிய இன்னும் இரண்டு வண்டிகளில் அதே வெள்ளித்தாள். வேறொன்றில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் முறுக்கியிருந்தது. சந்தைக்காரப் பெண்கள் முரேதியின் பட்டறைக்குப் போனபோது அவன் பின்பக்கமாகப் போய்விட்டிருந்தான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரின் வேறொரு மூலையில் இதைவிடப் பெரிய பட்டறை வைத்திருக்கிறான் என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். கதோகோவையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து நஞ்சலாவிடம், “இனிமே நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்” என்றார்.

“நான் எரிக்கலைன்னு யார் சொல்லுவா? கூட்டிட்டுப் போனப்ப ஊரே பார்க்கக் கூட்டிட்டுப் போனீங்களே?”

“அதான் வர வேண்டாம்னுட்டோமே, அப்புறம் என்ன?” என்று என்னிடம் எண்ணெயில் பொரித்த மண்டாசி இரண்டை வாங்கித் தின்றுகொண்டே போய்விட்டார்.

வண்டிகள் அவளிடம் திரும்பி வந்தன. பயணிகள் ஏறும்போதே, “ஒயர் போட்டது யாரு?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டதால் வேறு வழியில்லை. அவள் புதுத் தகரம் அடித்தாள். உடைத்த கூட்டத்தில் இருந்தவர்களின் வண்டி வந்தால் பேர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் கை வைப்பாள். அவர்கள் நின்று கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவது ஆம்ப் கேட்டால் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்வாள். சாயங்காலமே வேண்டும் என்பவனுக்குச் சாலையைக் காட்டுவாள்.

கதோகோவும் வந்தார். குச்சி இல்லாமல் வந்தார்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. ஜிம்வி சும்மா நிக்குது. நீ கேக்கற மாதிரியே செய். மூணு நாளோ முப்பது நாளோ.”

“உங்க வண்டிக்கு எப்படி ஒயர் போடணும்னு சொல்லித் தர்றேன். ஒயர் வேலை தெரிஞ்ச வேற எந்த ஃபுண்டிகிட்டயாவது கொண்டு போய்ப் போட்டுக்கங்க. அதுல உக்கார்றவங்க எனக்கு ஒரு தப்பும் பண்ணலை. ஆனா உங்க வண்டிக்கு என் கை வராது.”

“ஒரு அறை அறைஞ்சதுக்கா இவ்வளவு?”

“அறையை நான் அன்னிக்கே மறந்துட்டேன். முரேதி என் பேரைச் சொன்னப்ப நீங்க மறுக்காம பக்கத்துல நின்னீங்களே, அதை மறக்க முடியலை.”

அவர் போனார். வேறொருவனை வைத்து ஒழுங்காகவே மாட்டிக்கொண்டார். ஜிம்வி இப்போதும் ஓடுகிறது. பாட்டு முன்போல இல்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஒடுவோர் விஷயத்தில் நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். “அவன் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டானே, இன்னும் எதுக்கு?” என்றேன்.

“சொன்னான். இல்லைன்னு சொல்லலை. அவன் இடத்துல நான் இருந்தா நானும் பேசாம இருந்திருப்பேனோ என்னவோ. அதுக்காக என் கோபம் எங்க போகும் அக்கா? அது அவனைக் கேட்டுட்டா வந்துச்சு?”

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். அவளைக் கண்டதும் ஒடுவோர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவான். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, வெயிலில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள்.